உயிருள்ள உடம்பில் மட்டும் ஓடுவது

இறந்த உடம்பில் நிணநீர்க் குழாயைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. எங்கே இருக்க வேண்டும் என்பது படித்தவருக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்கு அகப்படாது. சுவர் அவ்வளவு மெல்லியது. உள்ளே ஓடுவது நிறமில்லாத நீர். ஓட்டம் நின்றதும் சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது, நிணநீருக்கு அப்படி எதுவும் இல்லை. குழாயின் சொந்தச் சுருக்கம், பக்கத்துத் தசையின் அசைவு, மூச்சின் இழுப்பு, இவை மூன்றும் சேர்ந்துதான் அதை நகர்த்துகின்றன. மூச்சு நின்றால் அந்த ஓட்டமும் நின்றுவிடும்.

இதைக் கண்டு எழுதியவர் இத்தாலியின் காஸ்பாரே அசெல்லி. 1622 ஜூலை 23 அன்று, சற்றுமுன் தீனி தின்ற ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்கள் பரவியிருப்பதைப் பார்த்தார். ஒன்றைக் குத்தியதும் பால் போன்ற திரவம் வடிந்தது. நாய் இறந்ததும் நூல்கள் மறைந்துபோயின. மறுநாள் பட்டினி கிடந்த நாயில் தேடினார், ஒன்றும் தெரியவில்லை. தீனி தின்ற நாயில்தான் மறுபடி தெரிந்தன. அந்தக் காலத்து நாய்க்கு மயக்க மருந்து கிடையாது. அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆனாலும் அவர் கண்டது உண்மை. நிணநீரைப் பற்றிய கேள்விக்கு உயிருள்ள உடம்புதான் விடை சொல்லும்.

நான் கால்நடை மருத்துவர், கொல்லிமலை தேவனூர் நாட்டில் பிறந்தவள். மனிதர்களுக்கான நிணநீர் முடிச்சு அறுவையைச் சிறு துளைகள் வழியாகச் செய்யும் முறைகளை அறுவை மருத்துவர்கள் விலங்குகளில் சோதித்துப் பார்க்கும் கூடத்தில், அந்த விலங்கின் பக்கம் நிற்பதே என் தொழில். மயக்கம் கொடுப்பேன், மூச்சைக் காப்பேன், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டாம் என்றும் சொல்வேன். வெளிவரும் கட்டுரைகளில் எங்கள் வேலை "மயக்க நிலையில்" என்ற ஒரே தொடருக்குள் அடங்கிவிடும். அந்தத் தொடருக்குள் என்ன நடக்கிறது என்பதையும், எந்தக் கேள்விக்கு விலங்கைத் தொடலாம், எதற்குத் தொடக்கூடாது என்று இத்தனை வருடத்தில் நான் வந்து சேர்ந்த முடிவையும் எழுதுகிறேன்.

முடிச்சு எனக்குக் கையால் பழக்கமானது கல்லூரியில் அல்ல. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் எங்கள் நாட்டில், சாமையும் மரவள்ளியும் மிளகும் போடும் வீடுகளில் ஆடும் மாடும் வீட்டு ஆட்களோடு ஆட்களாக இருக்கும். காலில் முள் ஏறிச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது மலையில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டுக்கும் அப்படியே. தோளுக்கு முன்னால் ஒன்று, தொடைக்கு முன்னால் ஒன்று, தடவினால் கைக்குப் படும். பால் வேண்டும் என்று கலப்பின மாடுகள் மலை ஏறிய பிறகு உண்ணிக் காய்ச்சலும் ஏறியது. தைலீரியா என்ற ஒட்டுண்ணி, உண்ணி கடித்து மாட்டுக்குள் போகிறது. காய்ச்சலில் கன்று சோர்ந்து நிற்கும். தோள் முடிச்சு கைநிறைய வீங்கியிருக்கும். "நெறி கட்டிருச்சுங்க டாக்டரம்மா, தீனி எடுக்கல" என்று மாட்டுக்காரரே பாதி நோயைச் சொல்லிவிடுவார்.

மீதிப் பாதியைச் சொல்வது ஒரு ஊசி. வீங்கிய முடிச்சை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தி, மெல்லிய ஊசியைச் செருகி இழுத்தால் ஒரு துளி வரும். அதைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், வெள்ளணுக்களுக்குள் கோக் நீல உருண்டைகள் தெரியும். அவை தெரிந்தால் புபார்வக்குவோன் ஊசி போட வேண்டும். தாமதித்தால் ரத்தம் வற்றிக் கன்று போய்விடும். கத்தியே இல்லை, தையலும் இல்லை. முடிச்சு தன் இடத்தில் இருந்தபடியே சேதி சொல்லிவிடுகிறது. மனித மருத்துவத்தின் பெரிய அறுவைகள் நூறு வருடம் சுற்றிவந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

1894-ல் அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் மார்பகப் புற்றுநோய்க்கு எழுதிவைத்த அறுவை, மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து ஒரே கட்டாக எடுத்தது. தசையை விட்டுவைக்கலாம் என்று பின்னால் தெளிந்தார்கள். ஆனால் அக்குளை முழுக்கத் துப்புரவு செய்வது நெடுங்காலம் நீடித்தது. நோய் பரவாத பெண்ணுக்கும் முடிச்சுகள் போயின. விளைவாகக் கை வீங்கும். அக்குளை முழுக்க எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கைவீக்கம் வருவதாக 2013-ல் வெளிவந்த தொகுப்பாய்வு சொல்கிறது. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச்சேரும் முடிச்சை, அதாவது முதல் முடிச்சை, மட்டும் எடுத்தவர்களில் அது நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. மிளகுக்கொடி ஏறிப் பறிக்கிற, சும்மாடு வைத்து விறகு சுமக்கிற ஒரு மலைப் பெண்ணுக்கு வலக்கை வீங்கிக் கனத்துப்போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிழைப்பே அந்தக் கையில்தான் இருக்கிறது.

முதல் முடிச்சு என்ற எண்ணத்தை 1977-ல் பராகுவேயின் ரமோன் கபானாஸ் ஆண்குறிப் புற்றுநோயில் முன்வைத்தார். ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் முடிச்சு என்று அவர் கருதினார். ஆனால் உடம்புக்கு உடம்பு இடம் மாறும். அந்த முடிச்சைக் கண்ணால் காட்டும் வழி வேண்டும். அதற்கு விடை தேடியவர் கலிஃபோர்னியாவின் டொனால்டு மார்ட்டன், விடை சொன்னது பூனை. 1991-ல் வெளிவந்த அந்த ஆய்வில், மயக்கத்தில் இருந்த பூனைகளின் தோலுக்குள் வெவ்வேறு சாயங்களைச் செலுத்தி, தொடை இடுக்கைத் திறந்து, நீலக் கோடு எந்த முடிச்சுக்குப் போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். தோலின் ஒவ்வொரு பகுதிக்கும் முதலில் போய்ச்சேரும் முடிச்சு ஒன்று உண்டு என்று தெரிந்தது. எங்கள் மலையில் எந்தச் சரிவில் பெய்த மழை எந்த ஓடையில் இறங்கும் என்று பெரியவர்கள் கைநீட்டிச் சொல்வார்கள். அதே கணக்கு உடம்பிலும் இருக்கிறது என்பதை அந்தப் பூனைகள் காட்டின.

மறு வருடமே, 1992-ல், மார்ட்டன் மெலனோமா என்ற தோல் புற்றுநோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். தேடிய 237 முடிச்சுத் தொகுதிகளில் 194-ல் முதல் முடிச்சு அகப்பட்டது. 1994-ல் அறுவை மருத்துவர் ஜூலியானோ அதை மார்பகத்துக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,611 பெண்களைச் சேர்த்து நடந்த பெரிய சோதனை, முதல் முடிச்சில் நோய் இல்லையென்றால் மீதியை விட்டுவிடலாம் என்பதை 2010-ல் உறுதிசெய்தது. பூனையின் தொடை இடுக்கில் கண்ட ஒரு நீலக் கோடு, இருபது வருடத்துக்குள் எண்ணற்ற பெண்களின் கையை அவர்களுக்கே விட்டுவைத்திருக்கிறது. இந்தத் தொழிலில் நான் நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. அது காவிரிக் கரையில் நடந்தது. யானைக்கால் நோய் தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்துக்குப் பழைய துன்பம். நிணநீர் அடைபட்டுக் கால் வீங்குகிறது என்றால், அடைபட்ட நீருக்கு வேறொரு வழி திறந்துவிட முடியாதா? போலந்தின் வார்சாவில் நியலுபோவிச்சும் ஓல்ஷெவ்ஸ்கியும் 1960-களில் இதை நாய்களில் செய்துபார்த்தார்கள். முடிச்சைக் குறுக்கே வெட்டி, அந்த வெட்டுவாயைப் பக்கத்து ரத்தநாளத்தில் வைத்துத் தைத்தார்கள். நிணநீர் ரத்தத்துக்குள் வடிந்தது. 1968-ல் நாயின் முடிவும் மனிதரின் முடிவும் வெளிவந்தன. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் எஸ். ஜமால் யானைக்கால் நோயாளிகளுக்கு நிணநீரை ரத்தநாளத்தோடு இணைக்கும் அறுவைகளைச் செய்து 1981-ல் எழுதினார். பின்னாளில் ஓல்ஷெவ்ஸ்கியும் அவரும் சேர்ந்து ஆய்வுகள் செய்தார்கள். வார்சாவின் நாய்க்கும் தஞ்சாவூர் உழவரின் காலுக்கும் இடையே இப்படி ஒரு நேர்வழி இருந்திருக்கிறது.

இனி எங்கள் கூடம். பெரும்பாலும் பன்றிதான், வெள்ளை யார்க்‌ஷயர். வெள்ளைத் தோலில்தான் நீலம் தெரியும் என்பது ஒரு காரணம். முந்தின இரவே தீனி நிறுத்தம், தண்ணீர் உண்டு. காலையில் பராமரிப்பாளர் அண்ணன்தான் முதலில் கொட்டிலுக்குப் போவார். காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்து, பேச்சுக்கொடுத்து, அது தானாக உடம்பைத் தளர்த்தும் வரை பொறுத்திருப்பார். அறுவை மருத்துவர்கள் கையுறை போட்டுக் காத்திருந்தாலும் அவர் அவசரப்படமாட்டார். நானும் அவசரப்படுத்தமாட்டேன். மிரண்டு கத்திய பன்றிக்கு மயக்க மருந்து சரியாக ஏறாது, இதயத் துடிப்பு அடங்காது, அன்று எடுக்கும் அளவுகள் எதையும் நம்பமுடியாது. பன்றியிடம் காட்டும் பரிவும் அறிவியலின் சுத்தமும் அந்தக் கொட்டிலில் ஒரே வேலையாகிவிடுகின்றன.

கழுத்துத் தசையில் ஊசி. சாய்ந்ததும் காது நரம்பில் லைன். பன்றிக்கு வெளியே தெரியும் நரம்பு காதில்தான், வேறெங்கும் கொழுப்பு மூடியிருக்கும். அடுத்தது தொண்டையில் ட்யூப் போடுவது. இந்த வேலையில் மிகக் கடினமான நிமிடங்கள் அவைதான். பன்றியின் வாய் நீளம், திறப்பு குறுகல், குரல்வளை தொட்டாலே இறுகிக்கொள்ளும். நீண்ட நேர் பிளேடு வேண்டும். லிக்னோகெயின் தெளித்து, இறுக்கம் விடும் வரை காத்து, ட்யூபைச் சற்றே திருப்பி உள்ளே விட வேண்டும். வலுக்கட்டாயம் செய்தால் ரத்தம் வரும், வீங்கும், மூச்சே அடைபடும். மனித மயக்கவியல் நிபுணர்கள் எங்கள் கூடத்துக்கு வந்து இதை முயன்றுவிட்டு எனக்கு வழிவிட்டு ஒதுங்கியதுண்டு. அவர்களுக்குக் கைத்திறமை குறைவில்லை, அது வேறு உடம்பு.

வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயு ஏறியதும் என் வேலை இரட்டிப்பாகும். வாயு உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் விரிய இடம் குறையும், வாயுவில் ஒரு பங்கு ரத்தத்திலும் கலக்கும். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடின் அளவு திரையில் ஏறுவதைப் பார்த்து வென்ட்டிலேட்டரைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சில பன்றி இனங்களுக்கு மயக்க வாயுவால் திடீரென்று உடம்பு விறைத்துக் காய்ச்சல் எகிறும் மரபுக் குறை உண்டு. ஆகவே வெப்பமானியிலிருந்து கண் எடுப்பதில்லை. அறுவை மருத்துவரின் கண் திரையில் இருக்கும். அங்கே தெரிவது ஒரு முடிச்சு, ஒரு நாளம், ஒரு கிளிப். முழுப் பன்றியையும் பார்ப்பது அறையில் நான் ஒருத்திதான். மயக்கத்திலும் துடிப்பு துள்ளினால் வலி எட்டுகிறது என்று பொருள். அப்போது "நிறுத்துங்க சார்" என்றால் கை நிற்க வேண்டும். நிற்காத கைக்கு அடுத்த முறை எங்கள் கூடத்தில் இடமில்லை.

பன்றி சொல்வதையெல்லாம் அப்படியே மனிதருக்கு எடுத்துக்கொள்ளவும் முடியாது. இதைச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன், ஏனென்றால் பலருக்குத் தெரிவதில்லை. பன்றியின் நிணநீர் முடிச்சு உள்வெளி மாறியது. மனிதரில் நிணநீர், முடிச்சின் வெளி ஓரத்தில் நுழைந்து நடுவழியாக வெளியேறும். பன்றியில் அது ஆழத்துக்குப் போய்ச்சேர்ந்து ஓரத்தால் வெளியேறுகிறது. வெள்ளணுக்களும் நிணநீர் வழி போகாமல் பெரும்பாலும் நேராக ரத்தத்துக்கே திரும்புகின்றன. ஆகவே சாயம் எந்த முடிச்சுக்குப் போகிறது என்ற கேள்விக்குப் பன்றியை நம்பலாம். முடிச்சுக்குள் எந்த ஓரத்தில் தங்குகிறது என்ற கேள்விக்கு நம்பக்கூடாது. ஆட்டிலும் இப்படிச் சங்கதிகள் உண்டு. ஆட்டின் முடிச்சு அமைப்பு மனிதரை ஒத்தது, ஆனால் தோல் தளர்வாகத் தொங்கும். பன்றித் தோலோ மனிதத் தோலைப் போலவே கீழ்த்திசுவோடு இறுகியிருக்கும். தோலுக்கடியில் வாயு செலுத்தி இடம் உண்டாக்கும் அறுவையை ஆட்டில் பழகியவர், இடம் எளிதாகத் திறக்கும் என்று நினைத்துக்கொள்வார். மனிதத் தொடையில் அது அவ்வளவு எளிதில் திறக்காது. எந்தக் கேள்விக்கு எந்த விலங்கு என்று தேர்வதே பாதி ஆய்வு. அறுவைத் துறையில் இதற்குக் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு என்பது என் கருத்து.

கேள்வியைச் சரியாகக் கேட்டவர்கள் என்று நான் மதிப்பது பிரான்சின் லீல் நகரத்துக் குழுவை. தெனி கெர்லே 1991-ல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பு நிணநீர் முடிச்சுகளை லேப்ராஸ்கோப்பி வழியாக எடுத்துக் காட்டியவர். அதோடு அவர் நிற்கவில்லை. முடிச்சு எடுத்தபின் பல நோயாளிகளுக்குக் கதிர்வீச்சு உண்டு. எடுத்த இடத்தில் குடல் வந்து ஒட்டிக்கொண்டால், கதிர்வீச்சு குடலைச் சுடும். அப்படியானால் எந்த வழியில் எடுத்தால் குடல் ஒட்டாது? இதைப் பிணத்தில் கேட்க முடியாது, ஒட்டுவது புண் ஆறும்போது நடப்பது. நோயாளியின் வயிற்றையும் பார்ப்பதற்காக மட்டும் மறுபடி திறக்க முடியாது. அவர்கள் பன்றிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 1997-ல் வெளிவந்த ஆய்வில் திறந்த அறுவையையும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டார்கள். 2000-ல் வெளிவந்த ஆய்வில் வயிற்றறை வழியாகப் போவதையும் வயிற்றுச் சவ்வுக்கு வெளியே பின்பக்கமாகப் போவதையும் ஒப்பிட்டார்கள். பின்பக்க வழியில் ஒட்டுதல் குறைவு. அந்த விடை நேராக அறுவை அரங்குக்குப் போனது. ஓட்டமும் புண் ஆறுவதும் உயிருள்ள உடம்பைத் தவிர வேறெங்கும் நடக்காதவை. விலங்கைத் தொட எனக்கு ஒப்புதலான காரணங்கள் இவ்விரண்டும்தான்.

கைப்பழக்கம் என் கணக்கில் சேராது. இதில் அறுவை மருத்துவர்கள் பலரோடு எனக்கு வாக்குவாதம் நடந்திருக்கிறது. தொடை இடுக்கு முடிச்சுகளைத் திறந்த முறையில் எடுத்தால் பாதிப்பேர் வரை தோல் கருகுதல், நீர்கோத்தல், சீழ் என்று அவதிப்படுவார்கள். அதனால் சிறு துளை வழியே எடுக்கும் முறை வந்தது நல்லது. அதைத் தங்கள் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பன்றிகள் கேட்டு ஒரு பயிற்சித் திட்டம் எங்களிடம் வந்தது. நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த முறையை உலகுக்குச் சொன்னவர்கள் எதில் தொடங்கினார்கள்? 2003-ல் பிஷாஃப் முதலில் செய்துபார்த்தது மனிதப் பிணங்களில். பிரேசிலின் டோபியாஸ் மச்சாடோ அதை நோயாளிகளில் நிலைநாட்டி 2006-ல் எழுதினார். இடம் திறப்பது, தொடைநாளத்தை அடையாளம் காண்பது, கொழுப்போடு முடிச்சைப் பிரித்தெடுப்பது, இதெல்லாம் நல்லமுறையில் பாதுகாத்த உடலில் கற்றுக்கொள்ளக் கூடியவை. கருவி பிடிக்கும் பழக்கத்துக்குப் பயிற்சிப்பெட்டி இருக்கிறது. கறிக்கடையிலிருந்து வரும் திசு இருக்கிறது. மூத்தவர் பக்கத்தில் நின்று கற்கும் வழி இருக்கிறது. கோவையில் டாக்டர் பழனிவேலுவின் குழு நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்புக்கூட்டின் நிணநீர் முடிச்சுகளோடு உணவுக்குழாய் அறுவை செய்த 130 பேரின் அனுபவத்தை 2006-ல் வெளியிட்டது. அந்தத் திறமை ஒரு கூடத்தில் ஒரு பகலில் வருவதல்ல.

சட்டமும் இதையே சொல்கிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960. அதன் 17-ஆம் பிரிவு, கைத்திறன் பெறுவதற்காக மட்டும் சோதனைகள் செய்வதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது. சிறிய விலங்கு போதுமென்றால் பெரியதைத் தொடாதே என்கிறது, மயக்கம் கொடுக்கச் சொல்கிறது. இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியத்துக்காக அறியப்பட்ட அவர், மாநிலங்களவை உறுப்பினராக 1953-ல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதிலிருந்து கிளைத்ததுதான் 1960-ன் சட்டம். சோதனைகளுக்கு இடம் விட்டு, எல்லையையும் போட்ட அந்தச் சட்டத்தை என் மேசையில் வைத்திருக்கிறேன். 1998-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு கூடத்துக்கும் நெறிமுறைக் குழு வேண்டும். பன்றி, ஆடு போன்ற பெரிய விலங்கு என்றால் ஒன்றிய அரசின் குழுவும் அனுமதிக்க வேண்டும். இது தாமதம் என்று குறைப்படுபவர்கள் உண்டு. அந்தத் தாமதத்தில்தான் கேள்வி கூர்மையாகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பத்தில் தொடங்கிய எண்ணிக்கை, கேள்வியைத் திருத்தி எழுதும்போது பாதியாகும்.

சோதனை முடிந்த விலங்கைப் பற்றி வெளியே யாரும் கேட்பதில்லை. சில ஆய்வுகளில் அது விழிக்க வேண்டும், புண் ஆற வேண்டும். அப்போது இரவு முழுக்க வலிமருந்து, வெதுவெதுப்பு, தீனி எடுக்கிறதா என்ற கவனிப்பு எல்லாம் உண்டு. சிலவற்றில் மயக்கம் தெளியும் முன்பே, கூடுதல் மருந்து கொடுத்து முடித்துவிடுகிறோம். அந்த மருந்தை நானே ஏற்றுவேன், வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. அறுவை மருத்துவர் அதுவரை அறையில் நிற்க வேண்டும் என்பது எங்கள் கூடத்து வழக்கம்.

விலங்கிடமிருந்து பெற்றதை விலங்குக்கே திருப்பிக் கொடுக்கும் வழியும் இப்போது திறந்திருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு மடியில் கட்டி வருவது மிகச் சாதாரணம், அவற்றில் ஏறக்குறைய பாதி புற்று. நாய்க்கு ஐந்து இணை மடி. பின்மடிகளின் நிணநீர் தொடை இடுக்குக்கும் முன்மடிகளுடையது அக்குளுக்கும் போகும், நடு மடி எந்தப் பக்கம் என்பது நாய்க்கு நாய் மாறும். இண்டோசயனின் பச்சை என்ற சாயம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் மின்னும். மனிதரில் கருப்பை, கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் 2018-ல் வந்த ஒப்பீட்டில், முதல் முடிச்சுகளில் நூற்றுக்கு 97-ஐ அது காட்டியது, நீலச்சாயம் காட்டியது 47. அதே சாயத்தைக் கட்டியைச் சுற்றிச் செலுத்தி, அதே கேமராவில் நாயின் முதல் முடிச்சைத் தேடும் ஆய்வுகள் பல நாடுகளிலிருந்து வருகின்றன. வீட்டில் வளரும் நாய், தானாக வந்த நோய், நோயைத் தீர்க்கவே செய்யும் அறுவை. அந்த நாய்க்கும் நன்மை, அதன் உடம்பு சொல்லும் சேதி மனிதருக்கும் நன்மை. என் காலத்தில் இந்தத் தொழில் முழுக்க இந்தப் பக்கம் சாய்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கேமராவின் விலை குறைந்தால் நாமக்கல் போன்ற ஊரிலும் இதைச் செய்யலாம். மலையிலிருந்து ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு இறங்குபவருக்கு, மடி முழுவதையும் அறுத்தெடுக்காமல் முதல் முடிச்சைப் பார்த்துச் சொல்லும் மருத்துவர் அடிவாரத்திலேயே கிடைப்பார்.

இப்போது என் மேசையில் இருப்பது ஒரு புதுத் திட்டம். தொடை இடுக்கில் வாயு செலுத்தும்போது அந்த அழுத்தமே நிணநீர்க் குழாயை நசுக்கி ஓட்டத்தைத் தாமதப்படுத்துமா, அதனால் சாயம் முதல் முடிச்சைத் தவறவிடுமா என்று கேட்கிறார் ஒரு இளம் அறுவை மருத்துவர். நல்ல கேள்வி. பிணம் இதற்கு விடை சொல்லாது, பயிற்சிப்பெட்டியும் சொல்லாது. அவர் இரண்டு கூட்டம் விலங்குகள் கேட்டிருந்தார், வாயுவோடு ஒன்று, வாயு இல்லாமல் ஒன்று. ஒரே பன்றியின் வலப்பக்கத்தில் வாயுவோடும் இடப்பக்கத்தில் வாயு இல்லாமலும் பார்த்தால் ஒரு கூட்டமே போதும், பக்கத்தை ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன். வாயு அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், ஒவ்வொரு படியிலும் மூச்சளவு நிலைப்படும் வரை என் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அவர் ஒப்புக்கொண்டார். பன்றி வருவதற்கு முன்பே கொட்டிலுக்கு வந்து பராமரிப்பாளர் அண்ணனோடு நிற்கப் பழகிக்கொள்ளலாமா என்று அவராகவே கேட்டார். குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்.